டிக் டிக் எங்கிருந்து

மார்ச் 2, திங்கள்
வெள்ளிக்குள் அக்காவின் பாட்டை அனுப்ப வேண்டும். புதுப் படப் பாட்டுக்குக் குரல் தேடும் ஒரு இசையமைப்பாளர் அலுவலகத்தில் கேட்டது மாதிரிக்கு ஒரே பாட்டு, சுத்தமான பதிவு. எட்டு வருடம் துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவளுக்கு இதுதான் முதல் வாய்ப்பு.

மைக்கை, குரலைக் கணினிக்கு மாற்றித் தரும் ஒலிப்பெட்டியில் சொருகி, பெட்டியை ஒரு துளையை நாலாக்கும் யூ.எஸ்.பி. ஹப் வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்திருக்கிறேன். பெட்டி விற்ற கடைக்காரர், "ஹப் வேணாம் தம்பி, நேரா சொருகுங்க" என்றார். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு ஒயர் விற்பவர் பாடம்!

மார்ச் 3, செவ்வாய்
பதிவில் டிக், டிக். அவள் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பெட்டியில் மாட்டிய ஹெட்போனில் நேராகக் கேட்டால் பிசிறே இல்லை; பதிந்ததைப் போட்டால்தான் இந்த லட்சணம். ஒயரை மாற்றினேன். சார்ஜரைப் பிடுங்கினேன். வைஃபையை அணைத்தேன். டிக். டிக்.

பதினோரு முறை பாடினாள்.

மார்ச் 4, புதன்
வாயை அடக்கியிருக்கலாம்.

"மைக்க விட்டுத் தள்ளி நின்னு பாடுற."

"உதடு இடிக்குதுடா. இன்னும் கிட்ட வரணும்னா முழுங்கத்தான் வேணும்."

சிரித்துத் தொலைத்திருக்கலாம். "அப்ப உன் குரல்லதான் ஒண்ணுமில்ல" என்றேன்.

ஹெட்போனைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தாள். "சரிடா. காலைல கடைக்குப் போகணும்."

எதுக்குடா அப்படிச் சொன்ன?

மார்ச் 5, வியாழன்
கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

நேற்றைய பதிவை முழுச் சத்தத்தில் வைத்தேன். அவள் சுருதி லேசாக நழுவும்போதெல்லாம் டிக் டிக் வேகமாகிறது. கடைசியில் கணீரென்று என் குரல்: "ச்சே, விளங்காது." மைக்கிலிருந்து ஆறடி தள்ளி, லேப்டாப் முன்னால்தானே உட்கார்ந்திருந்தேன்?

ஹப் கொடுத்த மின்சாரம் பெட்டிக்குப் போதவில்லை. இணைப்பு ஒரு நொடி அறுந்ததும், மென்பொருள் கமுக்கமாக லேப்டாப்பின் சொந்த மைக்குக்குத் தாவிவிட்டது. திரும்பவே இல்லை. இரண்டு நாளாக அது பதிந்தது என்னைத்தான். டிக் டிக் — என் பேனா. அவள் பாடப் பாட, பொறுமையில்லாமல் அதன் தலையை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். குரலில் குறையில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே. கடைசிவரை கேட்டாள்.

"நான் பாடறப்ப இதத்தான் சொல்லிட்டு இருந்தியா?"

மார்ச் 6, வெள்ளி
ஹப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகச் சொருகினேன். கடையிலிருந்து நேரே வந்தாள்.

"எத அழுத்தினா பதியும், எத அழுத்தினா நிக்கும்? அத மட்டும் காட்டு."

காட்டினேன்.

"இப்ப வெளிய போ. அந்தப் பேனாவையும் எடுத்துட்டுப் போ."

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவளே அனுப்பிவிட்டாள். எனக்குப் போட்டுக் காட்டவில்லை.

மார்ச் 19, வியாழன்
அந்தப் படப் பாட்டை வேறு யாரோ பாடுகிறார்களாம். அலுவலகத்திலிருந்து ஒரு வரித் தகவல். நாலு நாள் இருந்தது அவளுக்கு. மூன்றை நான் தின்றேன்.

வேலை முடிந்து வந்தால் என் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. துணிக்கடை பில்லின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்து, கதவில் ஒட்டியிருக்கிறது: 'பதிவு நடக்குது. தட்டாதே.'

பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றேன். ஜிப் சத்தம் கேட்டுவிடுமோ என்று.