தகரத்துக்கு அடியில்

ஆம்பூர்,
ஞாயிறு மாலை

மதிப்பிற்குரிய மக்பூல் பாய் அவர்களுக்கு,

முதலில் ஒரு திருத்தம். டிரைவர் பாய் கால் ஒடிந்ததும் மனசு கேட்காமல் பழைய சரக்கு வண்டிக்குப் பின்னால் வேறு தொட்டி போட்ட நல்ல மனுஷி என்று கடைத்தெருவில் என்னைப் புகழ்கிறார்களாம். அது சரியல்ல. அவசரத்தில் தப்பாகக் கால் வைத்துவிட்டேன் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறீர்களே, அதுவும் சரியல்ல. புஷ்ராவும் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கட்டும். உங்கள் மகளுக்கும் தெரிய வேண்டும்.

உப்புத் தோல் ஏற்றிய வண்டியை அன்றன்றே கழுவ வேண்டும், இல்லையென்றால் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. என் கணவர் இருந்தவரை அப்படித்தான் நடந்தது. எதிர்வீட்டு செண்பகம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள் என்பதற்காக, இனி வாசலில் கழுவக் கூடாது என்றேன். அதோடு கழுவுவதே நின்றுபோனது.

நீங்கள் ரம்ஜானுக்கு அரக்கோணம் போயிருந்தபோது, எஃப்.சி. தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டுவதற்கு முன் தொட்டியின் தரையைக் குடையால் தட்டிப் பார்த்தேன். முனை உள்ளே இறங்கியது. அப்போதே மாற்றியிருக்க வேண்டும். மேலே தகரம் போட்டுப் பச்சைப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். திரும்பி வந்து, ‘தொட்டிய புதுசாட்டம் பண்ட்டீங்களேம்மா!’ என்று சந்தோஷப்பட்டீர்கள். நான் வாய் திறக்கவில்லை. ஆலங்காயம் லோடை இறக்கும்போது அந்தத் தகரத்தை நம்பித்தான் நின்றீர்கள்.

இப்போதைய தொட்டி, வாணியம்பாடியில் உடைப்புக்கு வந்த வண்டியுடையது. நம் வண்டிக்குப் பிந்திய மாடல். போல்ட் துளைகள் சேஸிஸோடு ஒத்துவரவில்லை. நேராக வெல்டிங் வைத்துவிடலாம் என்றான் மெக்கானிக் தமிழ்வேந்தன். ஒட்டுவேலை கூடாது என்றேன். இரும்புத் தாங்கி புதிதாகச் செய்து, ரப்பர் கொடுத்து, போல்ட் முடுக்கினான். இடப்பக்கம் அரை விரல் தூக்கியிருந்தது, கழற்ற வைத்தேன். ‘இன்னா மேடம், தொட்டி மாட்றனா, ஜாக்கெட் தைக்கிறனா?’ என்று பேஜாராகிவிட்டான்.

முடிந்ததும் நானே மேலே ஏறி, மூலைக்கு மூலை மிதித்துப் பார்த்தேன். இந்த வயதில் நான் அங்கே நின்றதைத் தெருவே வேடிக்கை பார்த்தது, செண்பகம் உட்பட. தகடு அசையவில்லை. அப்புறமும் இறங்கத் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

வாசலில் குழாய் போட்டாகிவிட்டது. யார் ஓட்டினாலும் வண்டியை அங்கேதான் கழுவ வேண்டும். சாவியை இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. திரும்பி வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாயில்லை.

கட்டுப் பிரித்த காலை அவசரப்பட்டு ஊன்றாதீர்கள். நீங்கள் முன்போல நடக்க ஆண்டவன் துணையிருக்கட்டும்.

போன் செய்ய வேண்டாம். போனில் ‘பரவால்லம்மா’ என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். நான் செய்ததைப் பற்றி நீங்கள் நினைப்பதை, உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
விஜயகுமாரி