முனாப் வந்து பூட்டவேண்டிய அக்சில்

கிண்ணியா
14.03.1981

அன்பு மகன் முனாபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்து வெயிலில் உனக்கு ஒரு நோய்நொடியும் வராமல் இருக்கவேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டு உம்மா எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ், ஆனால் உன் வாப்பாவோடு குடித்தனம் நடத்துகிறவள் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அது சுத்தப் பொய். உன் தங்கச்சி லைலா போன கிழமை கந்தளாயிலிருந்து வந்து நின்றுவிட்டுப் போனவள். அவளும் வந்த உடனே வாப்பாவின் மீன் வண்டி இன்னுமா திருத்தாமல் கிடக்கிறது என்றுதான் கேட்டாள், என்னைச் சுகம் கேட்டது பிறகுதான்.

குவைத்திலிருந்து லீவில் வந்த ஜவாஹிரிடம் நீ கொடுத்துவிட்ட பின்சில்லு அக்சில் நோன்புப் பெருநாளைக்கு முன்னமே வந்துவிட்டது. வாப்பா அதற்குக் கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறார். கூட்டப் போனால் விளக்குமாறு அதில் முட்டுகிறது. பழைய அக்சில் தேய்ந்து போனது எதனால் என்று உனக்குத் தெரியும்தானே, தோணியிலிருந்து மீன் ஏற்ற வண்டியைப் பின்பக்கமாகக் கடலுக்குள் இறக்குவார், பின்சில்லு முங்கினால்தான் அவருக்கு மனம் ஆறும். மீன்பெட்டியைக் கரைவரை தூக்கிவர ஆள் இருக்கிறது என்று எத்தனை தரம் சொன்னேன். உப்புத் தண்ணி அதை அரித்து, கறாச்சுக்கார யோகலிங்கம் இரண்டு தரம் வெல்டிங் வைத்துக் கடைந்து தந்தும் நிற்கவில்லை. அக்சில் ஆடுகிறது, அதனால் ஒயிலை அடைக்கிற சீலும் தாங்கவில்லை, உள்ளே இருக்கிற ஒயில் ஒழுகிப் பிரேக்குக்குள் போகிறது, ஒருநாளைக்குப் பிரேக் பிடிக்காது, புதிசை மாற்றுங்கள் காக்கா என்று அவன் தலையில் அடித்துச் சொன்னான். இவர் ஓம் ஓம் என்றார், அவ்வளவுதான்.

அந்த ஒருநாளில் வண்டிக்குள் இருந்தவள் நான், மகன். போன புதன்கிழமை கண் காட்ட டவுனுக்குப் போக வெளிக்கிட்டோம். வண்டிகளை ஏற்றிக் கடத்துகிற பாதைப் படகு இன்னும் அக்கரையில் நின்றபடியால் துறையடிச் சரிவில் வண்டியை நிற்பாட்டி, என்னை முன்னுக்கு இருக்க வைத்துவிட்டு இவர் தேத்தண்ணிக் கடைக்கு இறங்கிப் போனார். மற்றவர்கள் சில்லுக்குக் கல் வைப்பார்கள், இவருக்குக் கைபிரேக் போதுமாம். வண்டி மெல்ல மெல்லத் தண்ணியைப் பார்த்து உருளத் தொடங்கியது. நான் கடைசி நேரக் கலிமாவைச் சொல்லிவிட்டேன். விறகு விற்க வருகிற வீரக்குட்டி மட்டும் தலையில் இருந்த விறகுச் சுமையை அப்படியே சில்லுக்கு முன்னால் போடாவிட்டால் இந்தக் கடிதத்தை உனக்கு லைலாதான் எழுதியிருப்பாள். முன்சில்லு தண்ணிக்குள், நான் கதவைத் திறக்கவும் ஏலாமல் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி, துறையடி முழுக்க வேடிக்கை பார்க்கிறது. இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வருகிறார், அதையாவது கீழே வைத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்த கையோடு யோகலிங்கத்துக்கு ஆள் அனுப்பினேன். அவன் சாமான்களோடு வந்து நின்றால் உன் வாப்பா கட்டிலை விட்டு எழும்பவில்லை. இன்றைக்கு இது வண்டியில் பூட்டுப்படாவிட்டால் நான் என் தம்பி வீட்டுக்குப் போகிறேன், நீங்களும் உங்கள் அக்சிலும் இருந்துகொள்ளுங்கள் என்று கத்தினேன். அப்போதுதான் மனுசன் வாயைத் திறந்தார். "முனாப் வந்து தன்ட கையால பூட்டுவன் எண்டு எழுதினவன். வேற ஆளக் கொண்டு பூட்டிப் போட்டா, பொறகு அவனுக்கு இங்க வர என்ன வேலை இரிக்கி?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை, அழுகையும் வந்துவிட்டது. இத்தனை மாதம் இதற்காகவா அந்த இரும்பைக் காவல் காத்தீர்கள் என்று கேட்டேன். நானே குனிந்து சாக்கோடு அதை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அஸர் தொழுகைக்குள் பூட்டி முடிந்தது. இவர் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார், திரும்பியும் பார்க்கவில்லை. இன்றுவரை என்னோடு கதையில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது என்று யோகலிங்கம் சொல்கிறான், இவர் இன்னும் அதில் ஏறவில்லை.

வெறும் தலையோடு வெயிலில் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, எனக்கு இனித் துணி அனுப்பாதே, அலுமாரியில் இடமில்லை. வாப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அதில் வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், என்றைக்கு வருகிறாய் என்று திகதி போட்டு எழுது. வர ஏலாதென்றால் ஏலாதென்று எழுது, அதையும் அவர் தாங்கிக்கொள்வார், நான் பக்கத்தில் இருக்கிறேன். அடுத்த பெருநாள், அதற்கடுத்த பெருநாள் என்று மட்டும் இனி எழுதாதே மகன். அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் பிரேக் இல்லாத வண்டியை ஓட்டினார்.

அல்லாஹ் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றி எங்கள் கண்ணில் காட்டட்டும், ஆமீன்.

உன் உம்மா
சித்தி பரீதா