தவசி ஊற்றாத டீசல்

கழுகுமலை
18-11-1981

அன்புள்ள ராஜமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம், அங்கே பிலாயில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். இன்று காலையில் எழுந்ததும் காப்பிகூடப் போடாமல் ஒரு பருத்திமார்க் குச்சியை எடுத்துக்கொண்டு நம் தோட்டத்துக் கிணற்றுப் படியில் இறங்கினேன். மழை பெய்ததால் பதினைந்து நாளாக நீர் இறைக்கும் எஞ்சின் ஓடவில்லை, தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. அதன்மேல் மயில் கழுத்துப்போல ஊதாவும் பச்சையுமாக ஒரு பளபளப்பு. போன வாரம் அதை முதலில் பார்த்தது நான்தான். அழகாக இருக்கிறதே என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அதுதான் நான் செய்த தப்பு. அப்பா குனிந்து பார்த்ததும் டீசல் என்றார்கள். எஞ்சின் ஓட்டும் தவசிதான் ஊற்றியிருக்கிறான், தீபாவளிக்கு ஊருக்குப் போக விடவில்லை என்ற கோபம் என்று அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள்.

சின்ன வயதில் உனக்குச் சோப்புக் குமிழி காட்டிச் சொன்னேனே, நினைவிருக்கிறதா. மெல்லிய படலத்தின் மேல்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது சில நிறம் ஓங்கும், சில நிறம் அடங்கும். சாயமே வேண்டாம், படலம் மெல்லியதாக இருந்தால் போதும். டீசலிலும் அப்படித்தான் தெரியும், தேங்கிய தண்ணீரில் இரும்புச் சத்தால் படியும் ஆடையிலும் அப்படித்தான் தெரியும். குச்சியால் கலைத்தால் டீசல் மறுபடி கூடிக்கொள்ளும். இன்று நான் கலைத்தது கண்ணாடிச் சில்லாக உடைந்து அப்படியே நின்றது. மோந்து பார்த்தேன், டீசல் வாடையே இல்லை. வந்து சொன்னால் அப்பா, ஏட்டி, கண்ணுக்கு முன்னால தெரியுதத விட்டுட்டு காலேஜ் பாடம் நடத்துதியாக்கும் என்று சிரித்துவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்கள். கிணறுவரை வந்து பாருங்கள் என்றேன், சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் என் பி.எஸ்ஸி. பட்டம் உனக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க மட்டும்தான் உதவியிருக்கிறது.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை சுடலைமாடன் கோவிலில் தவசி கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம், இல்லையென்றால் அவன்தான் குற்றவாளியாம். அவன் பெண்டாட்டி அழகுத்தாய்க்கு எட்டு மாதம். மெய்ச் சத்தியமாவே இருந்தாலும் புள்ளத்தாச்சி இருக்க வீட்டுல சத்தியம் ஆகாதுல்லா அண்ணாச்சி என்று அவன் மன்றாடியதையே எல்லோரும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். கிணற்றைக் கெடுத்தவன் என்ற பெயரோடு போனால் சுற்றுப்பட்டில் அவனை எந்தக் கிணற்றுக்கும் கூப்பிடமாட்டார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, பாதி என் மேலேயே.

குளிருக்குக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பொங்கலுக்கு லீவு இப்போதே எழுதிக்கொடு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கற்பூரத்தைத் தவசிக்குப் பதிலாக நான் அணைக்கப்போகிறேன். சத்தியம் செய்தவர் பிள்ளையைத்தான் அது தொடும் என்பார்கள் இங்கே. எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் என் பிள்ளை நீ ஒருவன்தான், அதனால் உனக்கு எழுதிவிட்டுச் செய்கிறேன்.

அன்புடன்,
அம்மா
மீனாட்சியம்மாள்