சொன்னவர்: இன்னாருடைய அம்மா

2007 பங்குனி (மார்ச்) 19, திங்கள்

வெக்கை. ஓர் இலை ஆடவில்லை. விடியும்வரை வாவிக்கு அக்கரைப் பக்கம் ஷெல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அலுமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தது. அடுத்த வளவுச் சின்ன வீட்டிலிருந்து அம்மா தலையணையோடு வந்து எங்கள் விறாந்தையில் படுத்தார்.

செய்யவேண்டியவை:
மா அரிப்பது.
தையல்காரியிடம் சட்டை.
இணையத்தளத்துக்குத் துறை தெரிவு செய்வது.

மூன்றாவதுதான் தலையிடி. சுவிசில் இருக்கும் இவருடைய அண்ணன் (இனிச் சு.அ.) தளத்துக்குப் பெயரும் இடமும் வாங்கிப் போட்டுவிட்டார். களுவாஞ்சிக்குடியில் இவர் நடத்தும் கொமினிகேசன் கடைக்குப் போன் பேச ஆள் வருவது குறைந்துபோயிற்று, கம்பியூட்டர் சும்மா கிடக்கிறது, தம்பிக்கு ஒரு வழி காட்டவேண்டும் என்று அவருக்கு எண்ணம். எழுதுவது நான். தட்டச்சு செய்து ஏற்றுவது இவர். நான் ஒருகாலத்தில் பேப்பருக்குக் கட்டுரை எழுதினேனாம், அதனால் மாட்டினேன்.

சு.அ. போட்ட சட்டம்: ஒரே ஒரு துறை. வேறு ஒருவரும் எழுதாதது. பார்த்து எழுதியதாக இருக்கக்கூடாது. அரசியல் வேண்டவே வேண்டாம்.

யோசித்தவை:
ஊர்ப் புதினம், செய்தி – உயிரோடு இருக்க ஆசை. வெட்டு.
சினிமா – எல்லாரும் அதுதான்.
கோயில் வரலாறு – எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்று எழுதினாலும் மற்றக் குடி வாசலில் வந்து நிற்கும்.
சாத்திரம், சாதகம் – சின்னம்மாவின் மகன் சொன்ன யோசனை. அவன் சொன்னது என்பதே போதும், வெட்டு.
வாவி மீன்கள் – நல்லது. ஆனால் படம் வேண்டும். இந்த நாளில் கமராவோடு கரையில் நின்றால் நான்தான் மீனுக்கு இரை.
சமையல் – இந்தியாக்காரர் ஏற்கெனவே சாம்பாரால் நிரப்பிவிட்டார்கள்.

துறை இல்லை. நித்திரையும் இல்லை.

பங்குனி 21, புதன்

சு.அ. கடைக்குப் போன் எடுத்தார். நானும் அங்கே இருந்தேன். அவர் மனைவிக்குப் பிள்ளை பிறந்து சில நாள். ஆண். அங்கே சரக்கு அரைக்க ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளை பெற்றவளின் கறிக்கு என்னென்ன வறுத்து அரைப்பது, எந்த மீன், எது ஆகாது? நான் சொல்லச் சொல்ல எழுதினார். பாதியில் நிறுத்தி, இதுதான் துறை என்றார். பிள்ளை பெற்ற வீட்டுச் சமையல். வெளிநாட்டில் எத்தனை பெட்டைகள் பக்கத்தில் தாயில்லாமல் பெறுகிறார்கள், ஒருவராவது ஒழுங்காக எழுதவில்லை என்று சந்தோசத்தில் கத்தினார்.

அவருக்கு மறந்துவிட்டது. கோபமில்லை. தன் பிள்ளையைக் கையில் வைத்திருக்கிற மனிதனுக்கு எல்லாம் மறக்கும்.

இவருக்கு மறக்கவில்லை. போட்டோக்கொப்பி மெசினின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வேணாமெண்டா சொல்லு, புள்ள" என்றார். நல்ல துறைதானே என்றேன். வேண்டாம் என்று சொன்னால் எல்லாரும் திரும்பவும் என்னோடு மெதுவாகப் பேசத் தொடங்குவார்கள். அந்த மெதுவான பேச்சுக்கு ஷெல் சத்தமே மேல்.

எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. போன ஆவணி. வலி கண்ட இரவு றோட்டு மூடியிருந்தது. விடிந்து வாகனம் போகவிட்ட நேரம் எல்லாம் முடிந்துபோயிற்று. பெண். அழவில்லை. வெள்ளைத் துணிச் சுருளும் கொஞ்சம் கறுப்பு முடியும் கண்டேன், அவ்வளவுதான். இவரும் மாமாவும் கொண்டுபோனார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. அதன்பிறகு இந்த வீட்டில் அந்தப் பேச்சு இல்லை.

பிறக்க முன்னம் பெயருக்குப் பிடித்த சண்டை மட்டும் எத்தனை. இவருக்குத் தன் தாயின் பெயர், கமலாதேவி, வைக்கவேண்டும். எனக்கு ஆரபி. "அதென்ன, பாட்டுக்காரர்ர வீட்டுப் பேரு" என்று சிரிப்பார். முப்பத்தோராம் நாள் தீட்டுத் துடக்குக் கழிக்கும்போதுதானே பெயர் வைப்பது, அன்றைக்குப் பார்ப்போம் என்று விட்டோம்.

பங்குனி 24, சனி

தூறல். கடையில் இருந்து இணையத்தில் தேடினேன். லைன் விழுந்து விழுந்து எழும்புகிறது.

கண்டது: யாரோ ஒருத்தர் எழுதியிருக்கிறார், மற்ற எல்லாரும் அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பத்துப் பல் பூண்டு ஓரிடத்தில் பத்துப் பால் பூண்டாகி, அதுவும் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. நம்முடைய சரக்கு இல்லை. நம்முடைய மீன் ஒன்றும் இல்லை. சு.அ. சொன்னது சரிதான்.

எல்லாம் பால் சுரக்க. பால் சுரக்க இந்தக் கீரை, பால் சுரக்க அந்த மீன். பால் நிற்க என்று அடித்துப் பார்த்தேன். பசுமாட்டைப் பற்றி ஒன்று வந்தது.

இவர் பின்னால் நின்றார் போல. திரும்பினேன், இல்லை. வாசலில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்மானம்: புத்தகத்திலும் இணையத்திலும் இல்லாததை மனிதரிடம்தான் கேட்கவேண்டும். அக்கரையிலிருந்து தோணியேறி வந்த சனம் நம்முடைய பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்கள் அங்கே எத்தனையோ பேர்.

பங்குனி 26, திங்கள்

பள்ளிக்கூடம். வகுப்பறைக்குள் சேலையைத் திரையாகக் கட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருக்கிறார்கள். கரும்பலகையில் இன்னமும் பின்னக்கணக்கு. ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு மண்வெட்டி, ஒரு ரேடியோ என்று அவரவர் கையில் அகப்பட்டதோடு வந்தவர்கள். கறியைப் பற்றிக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன். அவர்களுக்கு வெட்கமில்லை. ஒருத்தி தொடங்க மற்றவள் மறிக்க, மிளகு எவ்வளவு என்பதில் பெரிய தர்க்கம். ஷெல் மறந்து, நிவாரணப் பருப்பும் மாவும் மறந்து, சிரிப்பு.

பொதுவாக: மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு (இந்தியாக்காரருக்குச் சுக்கு), உள்ளி (பூண்டு). கொச்சிக்காய் (மிளகாய்) கூடாது. பால் வரப் பால்சுறா, முருங்கையிலை. ஓமம் போடுவதா விடுவதா என்று ஊருக்கு ஊர் வழக்கு.

சொன்னவர் பெயரைக் கீழே போடவேண்டும், அதுதான் மரியாதை என்றேன். எல்லாரும் கொஞ்சம் பின்வாங்கி இருந்தார்கள். ஒருத்தி மட்டும், "ஐயோ, பேரெல்லாம் போட்டிராத புள்ள. நாளைக்கு ஆராவது வந்து கேட்டா?" என்றாள். கம்பியூட்டரில் வருவதை உலகம் முழுக்கப் பார்க்கும் என்று நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன். புத்தி கெட்ட வேலை.

பிறகு அவர்களே வழி சொன்னார்கள். பிள்ளையை வீட்டில் கூப்பிடுகிற பெயரைப் போட்டு, இன்னாருடைய அம்மா. ஊரில் அவர்களை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். ஆக: சூட்டியின் அம்மா. பொட்டுவின் அம்மா. வெள்ளையின் அம்மா.

சட்டை வாங்க மறந்துபோனேன்.

பங்குனி 28, புதன்

இன்றைக்கும் போனேன். மூலையில் இருந்த ஒருவர், என் சின்னம்மா வயது, கூப்பிட்டார். கொக்கட்டிச்சோலைப் பக்கம். பத்தியக்கறி நல்ல விபரமாகச் சொன்னார். எழுதி முடித்து, யாருடைய அம்மா என்று போடுவது என்றேன்.

அப்புக்குட்டி என்றார். பக்கத்தில் இருந்தவள் அவர் கையைத் தட்டினாள். இளையவளின் பெயரைச் சொல்லச் சொன்னாள். அப்புக்குட்டியைப் போன வருசம் ரியூசன் விட்டு வரும் வழியில் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். யார் என்று நான் கேட்கவில்லை.

"அவன் இஞ்ச இல்லாட்டியும் நான் அவன்ட அம்மாதான். அப்புக்குட்டியிட அம்மா எண்டே எழுது" என்றார்.

எழுதினேன். அம்மா என்ற சொல்லை இரண்டுமுறை மேலால் எழுதினேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, உனக்கு யார் அரைத்தது என்று கேட்டார். எனக்கு ஒருவரும் அரைக்கவில்லை என்றேன். மேலே ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை. பால் கட்டினதுக்கு என்ன செய்தது என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். முதல்முறை ஒரு மனிதருக்குச் சொன்னேன். அம்மா மல்லிகைப்பூவை நெஞ்சில் வைத்து இறுக்கிக் கட்டியதை. பால் வந்து சட்டையும் பாயும் நனைந்ததை, குடிக்க ஆளில்லாமல். சரக்குத் தந்தால் பால் இன்னும் பொங்கிவிடும் என்று பயந்து அம்மா வெறும் கஞ்சி தந்ததை. இப்போதும் கோயிலில் மல்லிகை மணத்தால் எழுந்து வந்துவிடுவேன் என்பதை. எல்லாம் சொன்னேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

தனக்கும் நடுவில் ஒன்று தங்கவில்லை என்றார் அப்புக்குட்டியின் அம்மா. "பிள்ள தங்காட்டியும் பெத்த உடம்புதானே, புள்ள. அதுக்கும் பத்தியம் இரிக்கு."

எழுதப் பேனையை எடுத்தேன். மறித்தார். நாளைக்கு மீன் கொண்டு வா, முதலில் தின்னு, மறுகா எழுதலாம் என்றார்.

பங்குனி 29, வியாழன்

வாவி மீன், சின்னது, காற்கிலோ. வீட்டு அம்மியில் நானே அரைக்கப் போனேன். அம்மா எதற்கு என்று கேட்டார். சொன்னேன். குழவியை என் கையிலிருந்து வாங்கித் தானே அரைத்தார். அரைத்து வழித்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கும் அது பேத்தி.

பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், கல் வைத்த அடுப்பு. பால்சுறா இல்லை, முருங்கை இல்லை. மிளகும் வேர்க்கொம்பும் உள்ளியும் கூட. பால் சேர்க்காது, இடுப்பைக் கட்டும், உள்ளே புண் ஆற்றும் என்றார் அப்புக்குட்டியின் அம்மா. தகரத் தட்டில் சோறு. தன் குடும்பத்துக்குக் கிடைத்த சோறு அது. மறுத்தேன், ஏசினார். தின்றேன். எரிந்து எரிந்து இறங்கியது. மூக்கு ஒழுகியது, மிளகு என்று சொல்லிக்கொண்டேன்.

எனக்கும் அரைத்தார்கள். இவ்வளவு பிந்தி.

வீட்டுக்கு வந்து ஒரே இருப்பில் ஒரு பக்கம் எழுதினேன். தலைப்பு: பிள்ளை தங்காத வீட்டுக்கு. உலகத்தில் ஒருவரும் எழுதாத துறை இதுதான், சு.அ.!

சித்திரை (ஏப்ரல்) 2, திங்கள்

எல்லாப் பக்கமும் எழுதி முடிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். திருத்தம்: பொட்டுவின் அம்மாவுக்கு மஞ்சள் கூட வேண்டுமாம்.

கடைசிப் பக்கத்துக்குச் சொன்னவர் யார் என்பதில் இழுபறி. அப்புக்குட்டியின் அம்மா தன்னைப் போட விடவில்லை. கறி ஊர்க் கறி, மல்லிகைப்பூவும் மற்றதும் நீ பட்டது, அதனால் சொன்னவர் நீதான் என்றார்.

"நான் ஆருட அம்மா எண்டு போட?" என்றேன்.

அவர் இளையவளைப் பிடித்து இருத்திச் சீப்பால் தலை இழுக்கத் தொடங்கினார்.

பின்னேரம் சு.அ. அழைப்பு. பக்கங்களின் தலைப்பு ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசித் தலைப்பில் குரல் மாறியது. வயிற்றோடு இருக்கிற பெட்டைகள் வாசிக்கிற இடம், அபசகுனமாக இது எதற்கு, எடுத்துவிடு என்றார். பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். உடனே மெதுவான பேச்சு. போனை இவரிடம் நீட்டினேன்.

இவர் கேட்டுக்கொண்டு நின்றார். "ஓம் அண்ணன். ஓம். ஓம் அண்ணன்." வைத்துவிட்டார்.

அந்த ஓமை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். ஒரு வார்த்தை, எனக்காக ஒரேயொரு வார்த்தை பேசியிருக்கலாம். அவருக்கு அது நடந்ததே இல்லை என்று ஆகிவிட்டது. எனக்கு மட்டும்தான் பிள்ளை செத்தது.

ஆனாலும் தாள்களைக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தை எடுக்கவில்லை. தாள்கட்டில் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். சொன்னவர் என்ற இடத்தில் வெறும் கோடு.

சித்திரை 4, புதன்

முருங்கை பூத்திருக்கிறது. கரண்ட் விட்டு விட்டு வருகிறது. இவர் இரண்டு நாளாகக் கடையிலிருந்து பிந்தித்தான் வருகிறார். பாமினி எழுத்துருவில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்ற, எழுத்தெல்லாம் உடைகிறதாம். நான் கேட்கவில்லை. என்ன கேட்பது? எடுத்தீர்களா, விட்டீர்களா என்றா?

அப்புக்குட்டியின் அம்மாவுக்குப் பழைய அம்மிக்கல் ஒன்று கொடுத்தனுப்பினேன்.

சித்திரை 5, வியாழன்

காலையில் வெளிக்கிடும்போது, "ஏத்திட்டன். வந்து பாரு" என்றார். அவ்வளவுதான்.

மத்தியானம் போனேன். கடையில் வேறு ஆளில்லை. தான் இருந்த கதிரையை எனக்கு விட்டுவிட்டு இவர் பின்னால் நின்றார். பக்கங்கள் ஒவ்வொன்றாக, மெள்ள மெள்ளத் திறந்தன. சூட்டியின் அம்மா. வெள்ளையின் அம்மா. பொட்டுவின் அம்மா, மஞ்சள் திருத்தத்தோடு. அப்புக்குட்டியின் அம்மா. அச்செழுத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பட்டியலின் அடிக்குப் போகப் பயம். எடுத்திருந்தால் இந்த மனிதரோடு எப்படி இருப்பது என்று யோசித்தேன்.

இருந்தது. பிள்ளை தங்காத வீட்டுக்கு. ஒரு சொல்லும் வெட்டவில்லை. மல்லிகைப்பூ, பாய், கஞ்சி, எல்லாம் இவர் விரலால் அடித்தது. கீழே:

சொன்னவர்: ஆரபியின் அம்மா.

திரும்பிப் பார்த்தேன். இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, எனக்கு அப்படி அழுகை. எப்போது வைத்த பெயர் என்று கேட்டேன்.

"அண்டைக்கே. பேர் சொல்லிக் கூப்பிடாம எப்பிடிப் புள்ள நான் மண்ணுக்குள்ள வைக்கிற?"

கரண்ட் போனது. கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு நானும் கூப்பிட்டேன்.