நான்கு இழையும் ஒரு பொட்டாஷ் பாட்டிலும்

சின்னமனூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்து உரக்கடையில் இறக்கிய மூட்டை ஒன்று கிழிந்து, பொட்டாஷ் தரையெல்லாம் கொட்டிவிட்டது. கடைக்காரர் விளக்குமாற்றால் கூட்டி அள்ளினார். எனக்கு நிலைகொள்ளவில்லை. வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு அங்கேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். நீ செத்துப்போன பிறகும் அது ஓய்ந்தபாடில்லை.

மதுரையில் நாம் ஆய்வு மாணவிகளாக இருந்த காலம். டி.என்.ஏ. என்றால் இரண்டு இழை, ஜோடி ஜோடியாகச் சேரும் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நீ பிடித்துக்கொண்டதோ நான்கு இழையை. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின், நான்காகக் கைகோத்துச் சதுரமாக உட்காரும். நடுவில் பொட்டாசியம் இருந்தால்தான் அந்தச் சதுரம் உறுதியாக நிற்கும். கரைசலை மெல்லச் சூடாக்கி, அது புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவியில் பார்ப்பாய். இழைகள் பிரியும்போது கோடு சரியும். நீ பொட்டாசியமே சேர்க்கவில்லை, லித்தியம் உப்பு மட்டும்தான். அப்படியும் நான்கு இழை சேர்ந்து நின்று, நல்ல சூட்டில்தான் பிரிந்தது.

நம் பேராசிரியர் பூரித்துப்போனார். கட்டுரை எழுதியாயிற்று. அது வெளிவந்தால் வெளிநாட்டு ஆய்வகத்தில் உனக்கு இடம் உறுதி. நான் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். நீ மட்டும் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. "இம்புட்டு அழகா வரக் கூடாதுடி" என்று அனத்திக்கொண்டே இருந்தாய்.

ஒருநாள் உட்கார முடியாமல் எழுந்துபோய் எல்லாப் பாத்திரத்தையும் மாற்றினாய். புதுக் கண்ணாடிக் குப்பியில் கலந்த கரைசலில் கோடு சரியவே இல்லை; பிரிவதற்கு நான்கு இழை சேர்ந்திருந்தால்தானே. பழைய பிளாஸ்டிக் பாட்டிலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். ஆய்வகத்தில் பாட்டில் பற்றாக்குறை என்று கம்பத்தில் உன் வீட்டிலிருந்து எடுத்து வந்தது அது.

"எங்க அய்யா திராட்சைக்கு அடிக்க இதுலதான் பொட்டாஷ் கரைச்சு வச்சிருந்தாக."

"நல்லாத்தானடி கழுவுன?"

"பாட்டிலக் கழுவுனேன். மூடிக்குள்ள இருக்குற தக்கையக் கழட்டலயே."

தக்கைக்கு அடியில் பொட்டாசியம் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அப்போதே பேராசிரியர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாய். கட்டுரை நின்றது. வெளிநாட்டு இடம் வேறொருவருக்குப் போனது. நீ ஊர்ப்பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாய். பிறகு காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

யாரடி உன்னைப் பாட்டிலை மாற்றச் சொன்னது? ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. நீ வெளிநாட்டுக்குப் போயிருப்பாய், ஒருவேளை இன்றைக்கு உயிரோடும் இருந்திருப்பாய். இப்படி நினைப்பது கிறுக்குத்தனம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் நினைக்கிறேன்.

போன வாரம் என் ஆய்வகத்தில் ஒரு கோடு வந்தது, வரைந்து வைத்ததுபோல அவ்வளவு நேர்த்தி. எல்லாரும் கை கொடுத்தார்கள். நானோ, முதலிலிருந்து செய்யுங்கள் என்றேன். முகம் சுளித்துக்கொண்டே போனார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உன் பதற்றத்தை அப்படியே என்னிடம் விட்டுவிட்டு நீ மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறாய்.