மலையிலிருந்து இறக்கிவிட்டவள்

கடமலைக்குண்டு
5.1.2009

அன்புள்ள மாமாவுக்கு,

ஈஸ்வரி எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. நீங்கள் நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டுதானே, தாலி இன்னும் என் கழுத்தில்தான் கிடக்கிறது.

போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் நமக்குள் சண்டைதான் நீளும். அதனால் கடிதம். நீங்கள் போய்ச் சேர்ந்த லோனாவாலா விலாசத்தை ஒச்சாண்டி அண்ணனிடம் கெஞ்சி வாங்கினேன். தன் மகளுக்குக் காது குத்திய அன்று ராத்திரி உங்களுக்கு ஊற்றிக் கொடுத்தவரே அவர்தான், அதனால் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

ஊரெல்லாம் ஒரே பேச்சு. பொண்டாட்டிக்காரி புருஷனை மலையிலிருந்து இறக்கிவிட்டாளாம். அத்தை நேற்று வந்து, "எம் புள்ளைய வெரட்டிப்புட்டு இனி யாரை நம்பிப் பறக்கப்போற ஆத்தா?" என்று கேட்டார்கள். பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? உங்களோடு பாராகிளைடரில் பறக்க வந்த தேனி பேங்க் ஆபீசருக்கு இரண்டு தொடை வாரும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. நீங்கள் சிரித்துக்கொண்டே ஓடச் சொல்கிறீர்கள். ஓடியிருந்தால் அந்த மனிதர் நடுவானில் இருக்கையிலிருந்து நழுவியிருப்பார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வாரைப் பார், வாரைப் பார் என்று நாள் பூராவும் கத்துகிறவர் நீங்கள்.

அன்று காலை குளித்து, திருநீறு பூசி, பளிச்சென்றுதான் வந்தீர்கள். "ராத்திரிக் குடிச்சது ராத்திரியோட போச்சு" என்றீர்கள். போகவில்லை மாமா. பறப்பதற்கு முந்தின மதியத்திலிருந்தே தொடக்கூடாது என்று நம் பள்ளி வாசலில் பலகை வைத்தது நாம் இரண்டு பேரும்தானே?

உங்கள் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கினேன். மறுபடி அப்படி வந்தால் மறுபடியும் வாங்குவேன். ஆனால் இன்னும் பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சோறு வடிக்கிறேன்.

கோபம் தீராத உங்கள் மனைவி,
பாண்டீஸ்வரி

*

லோனாவாலா
19.1.2009

என்னை மலையிலிருந்து இறக்கிவிட்டவளுக்கு,

கடிதம் வந்தது. வாரைப் பார்த்தாய், சரி. ஓடுவதற்குள் நானும் பார்த்திருப்பேன். பத்து வருஷமாகப் பறக்கிறேன், உனக்கே கற்றுக்கொடுத்தவன் நான். அத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள், ஜீப் டிரைவர் அழகர் நிற்கிறான். பள்ளிக்கூடத்துப் பையனிடம் பம்பரத்தைப் பிடுங்குவது மாதிரி பிடுங்கினாய். அன்றைக்கு மலையிலிருந்து நடந்தே இறங்கினேன், தெரியுமா? ஜீப்பில் அழகர் மூஞ்சியைப் பார்க்க முடியாமல்தான்.

இங்கே எனக்கு மரியாதை இருக்கிறது. பம்பாயிலிருந்து வருகிறவர்களை முன்னால் உட்கார்த்தி நாளெல்லாம் பறக்கிறேன். பைலட்டுகள் ராத்திரி குடிப்பார்கள், காலையில் எலுமிச்சம்பழச் சாற்றைக் குடித்துவிட்டு மலைக்கு வந்துவிடுவார்கள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஒன்று மட்டும் சொல். சளி, காய்ச்சல் என்று நீ மாத்திரை போட்டுக்கொண்டு பறக்கிறாயே, அப்போது உன் ஹெல்மெட்டை யார் வாங்குகிறார்கள்?

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு. இரண்டு பேருக்குச் சோறு வடிக்காதே. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் நீதான் சாப்பிடுவாய். பழையது உனக்கு ஒத்துக்கொள்ளாது.

சுருளிராஜன்

*

கடமலைக்குண்டு
8.2.2009

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கு நானாகப் பதில் எழுதவில்லை, நடந்தது எழுத வைக்கிறது.

போன வாரம் கடைவாய்ப் பல் வலி. தேனியில் டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். தூக்கம் வரும் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார்தான். எனக்கு வராது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மேலே நின்று மூன்று கொட்டாவி விட்டிருப்பேன் போல. நம்மிடம் பயிற்சிக்கு வரும் உத்தமபாளையத்துக் கல்லூரிப் பெண் அபிதா பக்கத்தில் வந்து, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை, வழியை மறித்து நின்றுகொண்டாள்.

"அப்ப இன்னைக்கு நீங்க பறக்கக்கூடாதுல்லக்கா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காது மடல் சுட்டது மாமா. எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் அது உங்கள் குரல் மாதிரியே இருந்தது தெரிந்தது. நானும் ஜீப்பில் ஏறவில்லை. நடந்து இறங்கும்போது உங்களை நினைத்து அழுதேன். இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

உங்களைத் தடுத்தது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது முறையை மாற்றிவிட்டோம். மலை ஏறுவதற்கு முன்னால், டீ குடிக்கும் இடத்திலேயே ஒவ்வொருவரும் இன்று பறக்க முடியுமா முடியாதா என்று என்னிடம் தனியாக வந்து சொல்லிவிட வேண்டும். நான் அபிதாவிடம் சொல்லவேண்டும். முடியாது என்று சொன்னவரை ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. அவருக்கு அன்றைக்குக் கீழே இறங்குகிற வயலில் வாக்கி-டாக்கி வேலை. முதல் நாளே இரண்டு பேர் கீழே நின்றார்கள், அவர்களை யாரும் ஏளனமாகப் பார்க்கவில்லை.

அத்தைக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் சொல்லித்தான் என்றும் சொன்னேன்.

உங்கள் ஈஸ்வரி

*

லோனாவாலா
22.2.2009

ஈஸ்வரிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அறையில் இருக்கும் நேபாளத்துப் பையன் முந்தாநாள் காலையில் ஒரு புதுப்பெண்ணை உட்கார்த்திக்கொண்டு பறந்து மரத்தில் போய் மாட்டினான். அந்தப் பெண்ணுக்குச் சிராய்ப்புதான். இவனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ராத்திரி அவன் குடித்தது எனக்குத் தெரியும், நானும் கூட உட்கார்ந்திருந்தேன். காலையில் அவன் கை நடுங்கியதையும் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மதியமே அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுப் பறக்க விட்டார்கள்.

அப்புறம்தான் பயம் வந்தது. என்னைத் தடுக்க இங்கே ஒரு ஆள் இல்லை ஈஸ்வரி. நேற்று ஒரு ஆளின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தேன், அவரே சலித்துக்கொண்டார். அன்றைக்கு அந்த ஆபீசரின் வாரை மாட்டினேனா என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. ஓடுவதற்குள் பார்த்திருப்பேன் என்று எழுதினேனே, அது பொய்.

வரலாமா?

குடியை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். அவன் மரத்தில் மாட்டியதற்குப் பிறகு தொடவில்லை, அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

சுருளி

*

கடமலைக்குண்டு
3.3.2009

அன்புள்ள மாமாவுக்கு,

வீட்டுக்கு வர அனுமதி கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். கிளம்பி வாருங்கள். அத்தை கருவாடு வாங்கி வைத்துவிட்டார்கள், நீங்கள் தாமதித்தால் பூனைதான் தின்னும்.

கற்பூரம் அணைத்துச் சத்தியமெல்லாம் வேண்டாம். சத்தியத்தை நான் நம்புவதில்லை, உங்களைத்தான் நம்பப் பார்க்கிறேன். என் பயம் ஒன்றுதான். கல்யாணம் ஆனதிலிருந்து இன்று எனக்கு முடியவில்லை என்று உங்கள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. காய்ச்சலில் கூட எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வீர்கள். நான் தடுக்கும்முன் நீங்களாகச் சொல்லும் நாள் வந்தால்தான் உங்களை மலைமேல் விட்டுவிட்டு நிம்மதியாக மூச்சுவிடுவேன். அது வராவிட்டால் நீங்கள் வீட்டில் புருஷனாக இருங்கள், மலைக்கு வேண்டாம்.

உங்கள் ஈஸ்வரி

*

வீட்டில், ஞாயிறு காலை
15.3.2009

ஈஸ்வரி,

நீ குளித்துவிட்டு வருவதற்குள் இதை எழுதி அடுப்படியில் வைத்துவிட்டுப் போகிறேன். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன்.

ரயிலில் பிடித்த சளி. மதுரையில் இருமல் மருந்து வாங்கினேன், ராத்திரியும் குடித்தேன், விடிகாலையிலும் குடித்தேன். தலை கனக்கிறது, கண் சொருகுகிறது. பிள்ளைகள் எல்லாரும் சுருளி அண்ணன் முதலில் பறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்று நேற்று நீயே சொன்னாய். எனக்கும் ஆசை அடங்காமல்தான் இருக்கிறது. இன்றைக்கு என்னால் முடியாது.

இருமல் மருந்துதான். பிராந்தியாக இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வாக்கி-டாக்கியை எடுத்துக்கொண்டு உங்களுக்கு முன்னால் வயலுக்குப் போகிறேன். காற்று நன்றாக இருக்கிறது, நீ பிள்ளைகளை மேலே கூட்டிப் போ.

சுருளி