ஆளேற்றும் படகுக்கு எவர்சில்வர் போல்ட்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையைப் பாதியாக உடைக்காமல் முழுதாகப் போடு. நான் சுகம்தான்.

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் அலுமினியப் படகுக்குப் புதிதாக மரப்பலகைத் தளம் போடுகிறோம். சூப்பர்வைசர் இரும்பு ஸ்குரூ கொடுத்தார். உப்புத்தண்ணீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியத்தையும் அரித்துவிடும்; எவர்சில்வர் போல்ட்டும் நைலான் வாஷரும் வேண்டும் என்றேன்.

“அதெல்லாம் முதலாளி படகுக்குய்யா. உங்களுக்கு இது போதும்.”

“தண்ணிக்குள்ள விழுந்தா நாங்க மட்டும் மெதப்போமா சார்?”

எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் யாரும் அந்த ஸ்குரூவைத் தொடவில்லை. இன்று எவர்சில்வர் வந்தது. என்னைத்தான் பெருக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டார். லேசான வேலை, கவலைப்படாதே.

மரத்தூள் மூக்கில் ஏறுகிறது. முகத்தில் கட்டிக்கொள்ள உன் பழைய புடவையில் ஒரு முழம் கிழித்து அனுப்பு.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். புடவையைத் துவைக்காதே, அப்படியே அனுப்பு.

உன் மகன்